சாம்பலுக்கும் கணக்கு வேண்டும்

நிலக்கரி எரிந்தால் விளக்கு எரிகிறது. எரிந்த நிலக்கரி எங்கே போகிறது? காப்பாரிலும் ஜெராமிலும் புக்கிட் ரோத்தானிலும் வாழும் நம் மக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

கோலசிலாங்கூர் மாவட்ட எல்லையை ஒட்டி, காப்பார் கடற்கரையில் 1980-களில் எழுந்தது அனல்மின் நிலையம். கட்டங்கட்டமாக அது 2,420 மெகாவாட் வரை வளர்ந்தது. அதில் நிலக்கரி எரிக்கும் பங்கு 1,600 மெகாவாட். நிலக்கரி கப்பலில் வருகிறது. மின்சாரம் கம்பியில் போய்விடுகிறது. புகையும் சாம்பலும் நம் பக்கத்தில் நிற்கின்றன.

சீட்டு ரப்பரைப் புகைக்கொட்டகையில் தொங்கவிட்டு வேலை செய்தவர்களுக்குப் புகையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புகை கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணைக் கரிக்கவும் செய்தது. நிலக்கரிப் புகையிலே கெடுதலான பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள் மூச்சோடு நுரையீரலின் அடிவரை சென்று, இருதயத்தையும் தாக்குகிறது. கந்தகப் புகையும் நைட்ரஜன் புகையும் சளியையும் இழுப்பையும் கிளப்புகின்றன. 1952 டிசம்பரில் லண்டன் நகரை ஐந்து நாள் மூடிய நிலக்கரிப் புகையால் ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என்று அன்றே கணக்கிட்டார்கள். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் 12,000 வரை சொல்கிறார்கள். அதன் பிறகே, 1956-ல், அங்கே சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது.

புகைபோக்கியில் ஏறும் துகளை மின்சாரத் தகடுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் பிடித்த சாம்பல் மறைந்துவிடுமா? நூறு டன் நிலக்கரி எரிந்தால், அதன் ரகத்தைப் பொறுத்து, ஐந்து முதல் பதினைந்து டன் வரை சாம்பல் மிஞ்சும். இந்திய நிலக்கரியில் முப்பது டன்னைத் தாண்டும். சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் குழாய்கள் ஒழுகி, மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்த கதை தமிழ்நாடு அறிந்தது. சாம்பலில் பெரும்பகுதி மாவுபோல் மெல்லிய பறக்கும் சாம்பல். சிமெண்டில் கலக்க அது உதவுகிறது. ஆனால் அதில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், பாதரசம் ஆகியவை சிறு அளவில் தங்கியிருக்கின்றன. இப்படிப்பட்ட உலோகங்கள் கொண்ட சாம்பலை நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு விதிகள் எஸ்.டபிள்யூ. 104 என்ற எண்ணிட்டு, கட்டுப்பாட்டுக்குரிய கழிவு என்றே வகுத்துள்ளன.

இந்தச் சாம்பலைக் கூட்டுவதும் அள்ளுவதும் லாரியில் ஏற்றுவதும் யார்? எந்த நாட்டிலும் பெரும்பாலும் குத்தகை ஆட்கள்தாம். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 2008 டிசம்பர் 22-ஆம் நாள் ஒரு சாம்பல் குளத்தின் கரை உடைந்து, ஏறக்குறைய நாற்பது லட்சம் கன மீட்டர் சேறு ஊரிலும் ஆற்றிலும் பாய்ந்தது. அதை அள்ளிய தொழிலாளர் பலர் பின்னாளில் நோயில் விழுந்தார்கள். தங்களுக்குத் தக்க பாதுகாப்புக் கொடுக்கவில்லை என்று அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018-ல் ஜூரிகள் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நியாயம் கிடைக்கப் பத்து வருஷம்! அதற்குள் சிலர் இறந்தே போனார்கள்.

“மின்சாரம் வேண்டாமா?” என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். லயத்து வீட்டுக்கு விளக்கு வர எத்தனை காலம் காத்திருந்தோம் என்பதை நாம் மறக்கவில்லை. நிலையத்தை இன்றே மூடு என்றும் நாம் சொல்லவில்லை. அங்கேயும் நம் பிள்ளைகள் உழைக்கிறார்கள். எரிக்கிறவன் கணக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

கணக்குக் கேட்கச் சட்டம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் சுத்தக் காற்று விதிகள் நிலக்கரி மின் நிலையங்களுக்கு ஒரு கன மீட்டர் புகையில் துகள் 50 மில்லிகிராம், கந்தக வாயு 500 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியுள்ளன. இடைவிடாமல் அளக்கவும் சொல்கின்றன. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் திருத்தம், குத்தகை ஆட்களின் பாதுகாப்புக்கும் வேலை கொடுக்கும் தலைமை நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. “அவன் குத்தகைக்காரன் ஆள்” என்று இனிக் கைகழுவ முடியாது. உயிருக்கு உடனடி அபாயம் என்று கண்டால் விலகி நிற்கும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு.

ஆகவே நாம் கேட்பது நான்கு. அளக்கும் எண்களை மாதந்தோறும் பக்கத்து ஊர்களிலும் தோட்டங்களிலும் எல்லாருக்கும் புரியும் மொழியில் ஒட்ட வேண்டும். சாம்பலைத் தொடும் ஒவ்வொருவருக்கும் தகுந்த முகமூடியும், வருஷந்தோறும் மார்புப் பரிசோதனையும், வேலை செய்த நாட்களின் பதிவும் வேண்டும். பதிவு இல்லாதவன் நாளை சொக்சோவில் எதைக் காட்டித் தொழில் நோய்க்கு நஷ்ட ஈடு கேட்பான்? சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளையும் முதியோரையும் பொதுச் செலவில் பரிசோதிக்க வேண்டும். காப்பார்ச் சாம்பல் குளங்களில் வந்து தங்கும் வலசைப் பறவைகளைக்கூட அன்பர்கள் எண்ணிக் குறித்தார்கள். பாராட்டுகிறோம். மனிதரின் மூச்சையும் எண்ணட்டும்.

நான்காவது, மூடும் நாளைப் பற்றியது. 2044-க்குள் நிலக்கரி நிலையங்களை நிறுத்துவது என்பது அரசாங்கத்தின் குறிக்கோள். அப்போது சாம்பல் குளங்களை யார் காப்பது, வேலை இழப்பவருக்கு என்ன வழி என்பதை இப்பொழுதே எழுத்தில் தர வேண்டும். பத்து ஆராங்கைப் பாருங்கள். 1915 முதல் அங்கே வெட்டிய நிலக்கரி ரயிலை ஓட்டியது, மின்சாரம் தந்தது. 1937-ல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது போலீஸ் படை வந்தது. 1960-ல் சுரங்கம் மூடியது. கம்பெனி போயிற்று; பழைய புகைபோக்கிகள் நின்றன; ஊர் ஒடுங்கியது.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. இலாகா அறிக்கைகளைப் படித்துச் சொல்லவும், மனு எழுதவும், பதிவு வைக்கவும் உங்களுக்குத் தெரியும். பால்வெட்டும் தோழரோடு உட்கார்ந்து அந்த வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். எடை குறித்த பால் கணக்கில் ஒரு ராத்தல் குறைந்தாலும் தட்டிக் கேட்டவர்கள் நாம். மூச்சின் கணக்கை விட்டுவிடலாமா?