பல்சக்கரம் சாட்சி சொல்லாது

பெயரும் முத்திரையும் அழிந்த பழைய சைக்கிள் சட்டம் ஒன்று தென்காசியிலோ குற்றாலத்திலோ கிடைத்துவிட்டால், அதை இங்கிலாந்தின் ராலே நிறுவனம் செய்த 'வெள்ளைக்காரன் காலத்து ராலே' என்று முடிவுகட்டிவிடும் வழக்கம், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே இங்கும் வேரூன்றியிருக்கிறது. பெடலோடு சுழலும் பல்சக்கரத்தில் ராலேயின் சின்னமான நாரைத் தலை வெட்டப்பட்டிருப்பதும், பின்சக்கர ஹப்பில் இங்கிலாந்தின் பெயர் பொறித்திருப்பதும், வண்டி கனமாக இருப்பதுமே இதற்குக் காட்டப்படும் ஆதாரங்கள். இவற்றுள் ஒன்றுகூடச் சட்டத்தைச் செய்தவர் யார் என்பதை நிறுவுவதில்லை.

காட்டர் பின் எனப்படும் சிறு ஆப்பைத் தட்டி எடுத்தால் பல்சக்கரம் கையோடு வந்துவிடும். வாடகை சைக்கிள் கடைகள் நடந்த காலத்தில், தேய்ந்த உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய இரும்பில் அகப்பட்டதை மாட்டி ஓட்டுவது அன்றாட வேலை. ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்புகள் பலவற்றில் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும் எண்கள் உண்டு என்றாலும், அவை ஹப்பின் வயதைச் சொல்லுமேயன்றிச் சட்டத்தின் வயதைச் சொல்லா. தென்காசிக் கோயிலின் ராசகோபுர மேல்நிலைகள் 1990இல் குடமுழுக்குக் கண்டவை என்பதற்காகப் பாண்டியர் எழுப்பிய அடித்தளத்தையும் அவ்வாண்டில் கட்டியதாக எவரும் கூறுவதில்லை. சைக்கிளுக்கு மட்டும் அந்த நிதானம் ஏனோ வாய்ப்பதில்லை.

கனத்தைக் காட்டுவது இதைவிட மோசமான வாதம். பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த 531 என்னும் மாங்கனீசு-மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாய் எடை குறைவுக்கே பெயர்பெற்றது. சாதாரண எஃகில் செய்த வண்டியோ ராலேயின் ஊரான நாட்டிங்காமில் பிறந்தாலும் அம்பத்தூரில் பிறந்தாலும் கனம்தான். முருகப்பா குழுமம் 1949இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்ததும், 1950களில் ஆசன்சோலில் சென்-ராலே ஆலை இயங்கியதும் நினைவிலிருந்தால், ராலே என்று உறுதியான பிறகும் அது இங்கிலாந்தில் செய்ததா என்ற கேள்வி எஞ்சும்.

மெய்யான தடயங்கள் எளிதில் கழற்ற முடியாத இடங்களிலேயே இருக்கின்றன. பெடல் அச்சு சுழலும் குறுக்குக் குழாயான பிராக்கெட்டின் உட்புறத்தில் மரைப்புரிகள் அங்குலத்துக்கு 24 என்பது பொது வழக்கு. ராலே 26 புரி வைத்தது, ஆகவே அச்சைத் தாங்கும் பொதுவான கப்பு அதில் ஓரிரு சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். அதுவும் முடிந்த முடிவன்று. 1932இல் ஹம்பரையும் 1943இல் ரட்ஜையும் ராலே வாங்கிவிட்டதால், அப்பெயர்களில் வந்த வண்டிகளிலும் அதே புரியைக் காணலாம். குழாய்கள் கூடுமிடத்தில் உறைபோல் பொருத்திப் பித்தளை உருக்கிப் பற்றவைத்த லக்குகளின் வடிவம், முன் போர்க்கின் தலைப்பகுதி, சீட் குழாயின் உச்சியிலோ பிராக்கெட்டின் அடியிலோ அடித்த வரிசை எண் ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துவந்தால் மட்டுமே ஒரு பெயரைச் சொல்லலாம். சாரல் ஈரத்தில் துருவேறிய சட்டத்துக்கு அடுக்கடுக்காகப் பூசிய எனாமல், அந்த எண்ணையே மூடிவிட்டிருக்கும்.

எனவே பழைய சட்டம் வைத்திருப்போர் புது வண்ணம் பூசுமுன் அந்த எண்ணைச் சுரண்டிப் படித்துக் குறித்துவைக்க வேண்டும். தடயங்கள் ஒத்துவராத சட்டத்தை விற்போர், செய்தவர் தெரியவில்லை என்று சொல்லியே விற்க வேண்டும்.