செயலமர்வுச் சான்றிதழும் சமூகப்பணியும்

சமூகப்பணிக்கு வருடக்கணக்கில் படிப்பும் களப்பயிற்சியும் எதற்கு? ஊரை அறிந்த, இரக்கமுள்ள ஒரு பட்டதாரிக்கு இரண்டு நாள் செயலமர்வு வைத்தால் ஆள் தயார். கல்முனைப் பக்கம் இந்தப் பேச்சு இன்னும் எடுபடுகிறது. 2004 சுனாமியில் அம்பாறைக் கரையோரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது அப்படி அவசரமாக ஆள் சேர்த்ததில் பிழையில்லை. அந்த அவசர ஏற்பாட்டையே இன்றைக்கும் முறையென்று வைத்திருப்பதுதான் பிழை.

ஊரை அறிந்தவர் போதும் என்கிறார்கள். நாவிதன்வெளியில் ஊரை அறிந்தவரை ஊரும் அறியும். பிள்ளையை அடித்தவர் விசாரிக்க வரும் உத்தியோகத்தருக்கு மச்சான் முறையாக இருக்கலாம். மச்சான் சொன்னதை எழுதிக்கொண்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு, பிள்ளையிடம் தனியாக ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவது எவ்வளவு எளிது! இரக்கம் கூடியவர்தான் இந்த இடத்தில் கூடத் தடுமாறுவார்.

மனநலத்தை வைத்தியசாலை பார்க்கும், பிள்ளையைச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பார்ப்பார் என்பது அடுத்த வாதம். மத்தியமுகாமில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாய் சவூதியில். தகப்பன் மாதக்கணக்கில் பாயை விட்டு எழும்புவதில்லை. பதின்மூன்று வயது மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உம்மம்மாவோடு சேர்ந்து தம்பிமாரைப் பார்க்கிறாள். கல்முனை கிளினிக்குக்குத் தகப்பன் ஒரு துண்டுச் சீட்டு. பிரதேச செயலகத்துக்கு மகள் ஒரு 'இடைவிலகல்'. 2013இல் வெளிநாடு போகும் தாய்மாரிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கினார்கள். ஆகவே இந்த வீட்டைப் பற்றியும் ஒரு படிவம் எங்கோ கிடக்கலாம். தகப்பனின் நோய்தான் மகளின் படிப்பை நிறுத்தியது என்பதைக் காண்பது யாருடைய வேலை? இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்க்கப் பழகிய ஆள் வேண்டும். அந்தப் பழக்கம் விரிவுரையில் வராது. மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் அதே வீட்டுக்குப் பல முறை போய்வந்தால்தான் வரும்.

ஆறுதல் சொல்லப் பயிற்சி வேண்டாமாம். ஆறுதல் மட்டும் போதாது என்பதற்குத் தற்கொலைக் கணக்கே சாட்சி. 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். பிறகு அது பெருமளவு இறங்கியதற்கு ஆய்வாளர்கள் காட்டும் முதற்காரணம் கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது. வயல் ஊரில் வேலை செய்யும் சமூகப்பணி மாணவர் ஆறுதலோடு நிற்காமல், பூச்சிமருந்துப் போத்தல் வீட்டில் எங்கே இருக்கிறது என்றும் கேட்கக் கற்க வேண்டும்.

சட்டம் இருக்கிறதே, சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அழைக்கலாமே என்பார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1998ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கியது உண்மை. அழைப்புக்குப் பிறகு படியேறிப் போவது ஒரு மனிதர்தான். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது வைக்கவில்லை என்பதும், தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் ஒரே பிரதேசத்தில் வெவ்வேறு வழி தேட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டம் கிடைத்தால் எல்லாம் சரியாகும் என்று நானும் சொல்லவில்லை. கொழும்பில் 1952இல் தொடங்கிய பயிற்சி மரபு தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாகி, 2005இல் பட்டப்படிப்பும் வந்தது. ஆனால் தகைமை மட்டும் போதாது. இலண்டனில் 2000ஆம் ஆண்டு எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே வதைபட்டு இறந்தபோது, அவளைப் பார்த்தவர்களிடம் தகைமை இருந்தது. காப்பாற்றியிருக்கக்கூடிய பன்னிரண்டு சந்தர்ப்பங்களாவது தவறின என்றது அவளுடைய மரணத்தை ஆராய்ந்த லாமிங் விசாரணை. மேற்பார்வையின் பலவீனத்தையும் அது காட்டியது.

கடைசியில் காசு இல்லை என்பார்கள். உத்தியோகத்தர்கள் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கிறார்கள். கேட்பது இதுதான்: ஒவ்வொரு மாணவருக்கும் அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளர், வைத்தியசாலை, நன்னடத்தைப் பிரிவு, பிரதேச செயலகம் மூன்றும் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் கோவைகளைத் திறப்பது, கிட்டங்கிப் பாலத்தை வெள்ளம் மூடும் மாரியையும் உள்ளடக்கிய களப்பயிற்சிக் காலம். அந்த மாதங்களில் கிளினிக் தவணைக்கு வராதவர் யார், ஏன் வரவில்லை என்று தேடிப்போவதும் பாடத்தில் சேர வேண்டும்.