அஞ்சு நாள், அஞ்சு ஆட்டம், சம்பளம் பூச்சியம்



மார்ச் வந்தால் நம்மில் பாதிப்பேர் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கிறோம். நானும்தான். பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் "படிக்கப் போன பிள்ளைக்கு விளையாட எதுக்குச் சம்பளம்? ஸ்காலர்ஷிப் போதாதா?" என்று இடதுசாரி எனச் சொல்லிக்கொள்ளும் நம்மவர்களே கேட்கிறபோதுதான் எரிச்சல் வருகிறது.

2011 மார்ச்சை எடுங்கள். நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் சாம்பியன்ஷிப் தொடர். கனெக்டிகட் பல்கலைக்கழக அணி ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்தையும் வென்றது. கெம்பா வாக்கர் மட்டும் 130 புள்ளிகள். என்பிஏ வீரர்களுக்கு இப்படி ஒரு அட்டவணையை யாரும் போட முடியாது. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது.

கான்ஃபரன்ஸ் தொடரை வென்றால் தேசியத் தொடரில் இடம் நிச்சயம். அங்கே அணி ஆடும் ஆட்டங்களைக் கணக்கிட்டு, கான்ஃபரன்ஸுக்கு ஆறு வருடம் பணம் வரும். டிக்கெட், தொலைக்காட்சி, விளம்பரம் எல்லாம் தனி. ஆடினவங்களுக்கு? அதே அணியில் முதலாண்டு மாணவராக இருந்த ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவதாக 2014இல் செய்தியாளர்களிடம் சொன்னார். அதே மாதம் கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ சாப்பாட்டு விதிகளைத் தளர்த்தியது. தேசியக் கோப்பை வென்றவர் வாய்திறந்த பிறகுதான் சோறு!

'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லே 1950களில் என்சிஏஏ உருவாக்கியது. காயம்பட்டவர்கள் தொழிலாளருக்கான இழப்பீடு கேட்டுவிடக்கூடாது என்பதுதான் நோக்கம். அதன் நிர்வாக இயக்குநராக இருந்த வால்டர் பையர்ஸே பின்னாளில் இதை எழுதிவைத்தார்.

இந்தச் சொல் நமக்குப் புதுசா என்ன? வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தும் பட்டமேற்படிப்பு மாணவர்களையும் "நீங்கள் முதலில் மாணவர்கள்" என்று 2004இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தள்ளிவைத்தது. கொலம்பியா வழக்கில் 2016இல்தான் அது மாறியது.

2024 மார்ச்சில் டார்ட்மவுத் வீரர்கள் 13க்கு 2 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கே வரவில்லை. ட்ரம்ப் ஆட்சியில் வாரியம் மாறப்போகிறது என்ற நிலையில், டிசம்பர் 31 அன்று சங்கம் மனுவைத் திரும்பப் பெற்றது.

"இப்பதான் காசு குடுக்கிறாங்களே" என்பீர்கள். சரி. 2025 நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, 2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் 2.05 கோடி டாலர் வரை தன் விளையாட்டு வீரர்களுக்குப் பங்கிடலாம் என்று ஆனது. ஆனால் எந்த விளையாட்டுக்கு எவ்வளவு என்பதை நிர்வாகம் தீர்மானிக்கிறது. ஐந்து நாளில் ஐந்து ஆட்டமா என்பதையும் அதுவேதான் தீர்மானிக்கிறது. பேரம் பேச உரிமை இல்லாத காசு, முதலாளி பார்த்துப் போடும் போனஸ். அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் வளாகத்தில் அடுத்த சங்கக் கூட்டம் நடக்கும்போது, கூடைப்பந்து அணியையும் அழையுங்கள். பயிற்சி நேரம் பார்த்துக் கூட்டத்தை வையுங்கள். அவர்கள் வேலைக்கும் ஷிப்ட் உண்டு.