ரிவால்வரா? பிஸ்டலா?

கும்பகோணத்துக்காரரிடம் வெற்றிலையைப் பற்றியும், திருநெல்வேலிக்காரரிடம் தாமிரபரணித் தண்ணீரைப் பற்றியும் வாதம் செய்து ஜயித்தவர் இதுவரையில் எவருமில்லை. அமெரிக்கா தேசத்திலும் இதே மாதிரி ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்கள் கைத்துப்பாக்கிப் பிரியர்கள். இலக்குப் பலகையைப் பார்த்துச் சுடுவதும், சுட்ட துப்பாக்கியைத் துடைத்து எண்ணெயிடுவதும், "எது உயர்ந்தது?" என்று ஓயாமல் வாதிடுவதுமே அவர்களுடைய பொழுதுபோக்கு. தீபாவளிப் பொட்டுத் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் தொட்டறியாத நான் இந்த விவகாரத்தில் தலையிடுவது அதிகப்பிரசங்கித்தனந்தான். ஆயினும், வேடிக்கை பார்ப்பதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை அல்லவா?

அவர்களுக்குள் முக்கியமாக இரண்டு கட்சிகள். முதலாவது ரிவால்வர் கட்சி. ரிவால்வர் என்பது சுழல் துப்பாக்கி. அதன் நடுவிலுள்ள உருளையில் பெரும்பாலும் ஆறு அறைகள். அறைக்கு ஒரு தோட்டா. இக்கட்சியில் பழமை விரும்பிகளின் குலதெய்வம் கோல்ட் கம்பெனியார் 1873-ல் வெளியிட்ட ரிவால்வர். அதற்குச் 'சமாதானகர்த்தா' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. துப்பாக்கிக்கு இப்படிப் பெயர் சூட்டியவர் பெரிய ஹாஸ்யப் பிரியராக இருந்திருக்க வேண்டும்! ஒவ்வொரு முறை சுடுமுன்பும் அதன் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அப்போது நான்கு தடவை 'க்ளிக்' என்று சப்தம் கேட்கும். கோல்ட் என்னும் பெயருக்கு ஆங்கிலத்தில் எழுத்து நான்கு. துப்பாக்கி தன் பெயரைத் தானே எழுத்துக் கூட்டிச் சொல்லுகிறது என்று அதன் பக்தர்கள் பூரித்துப் போகிறார்கள்.

அவர்களைவிடக் காரியவாதிகள் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியாரின் ரிவால்வரைக் கொண்டாடுவார்கள். 1899-ல் பிறந்த அந்த வகையை எத்தனையோ போலீஸ்காரர்கள் இடுப்பில் தரித்திருக்கிறார்கள். "ஒரு தோட்டா வெடிக்காமற் போனால் என்ன? விசையை மறுபடி இழுத்தால் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். உங்கள் பிஸ்டல் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?" என்பது அவர்கள் கேள்வி.

எதிர்க்கட்சியார் சளைத்தவர்களா? பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்காக இருக்கின்றன. ஒரு தோட்டா வெடிக்கும் வேகமே காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றிவிடுகிறது. இவ்வகையில் பிரசித்தமானது ஜான் பிரவுனிங் என்பவர் வகுத்த கோல்ட் பிஸ்டல். பிலிப்பைன் தீவுகளில் மோரோ வீரர்கள், .38 ரிவால்வர்க் குண்டு பட்ட பிறகும் நிற்காமல் பாய்ந்து வந்தார்களாம். ஆகவே அமெரிக்கப் பட்டாளத்தார் .45 அளவுள்ள பெரிய குண்டைத் தேடினார்கள். பரீட்சையில் பிரவுனிங்கின் பிஸ்டல் 6,000 குண்டுகளை ஒரு தடங்கலும் இன்றிச் சுட்டது. 1911 மார்ச்சு 29-ந் தேதி பட்டாளம் அதை ஏற்றுக்கொண்டது. 1985-ல் இத்தாலியப் பெரெட்டா வகை அதன் ஸ்தானத்துக்கு வரும் வரையில் அதுவே பட்டாளத்தின் பிஸ்டலாக இருந்தது.

இதற்கிடையில், 1982-ல் ஆஸ்திரியப் பட்டாளம் கிளாக் என்பவருடைய பிஸ்டலை ஏற்றது. அதற்குமுன் அவர் துப்பாக்கியே செய்தவரல்லர். உடல் பிளாஸ்டிக், உள்ளே 17 தோட்டாக்கள், எடையோ குறைவு. "பிளாஸ்டிக்கிலா துப்பாக்கி!" என்று கிழவர்கள் முகம் சுளித்தார்கள். வாலிபர்கள் அதையே வாங்கினார்கள்.

இத்தனை வாதங்களையும் வடிகட்டினால் மிஞ்சும் காரணங்கள் இரண்டுதான். ஒன்று, "என் கைக்குப் பொருந்துகிறது." மற்றொன்று, "ஆபத்தில் என்னைக் கைவிடாது."

இந்த இரண்டாவது காரணத்தைக் கேட்கும்போது எனக்கு வேடிக்கை நின்றுவிடுகிறது. நம் தேசத்திலும் கைவிடாத பிஸ்டல்கள் உண்டு.

அமெரிக்கப் பட்டாளம் பிரவுனிங்கின் பிஸ்டலை ஏற்ற எண்பதாம் நாள், 1911 ஜூன் 17-ந் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டான். அவன் கையிலிருந்ததும் பிரவுனிங் பிஸ்டல்தான், பெல்ஜியத்தில் செய்தது. உடனே தன்னையும் சுட்டுக்கொண்டான். இரண்டு தடவையும் அது கைவிடவில்லை. 1931 பிப்ரவரி 27-ந் தேதி அலகாபாத் பூங்காவில் போலீஸார் சூழ்ந்துகொள்ள, சந்திரசேகர ஆஸாத் கடைசி வரையில் போரிட்டு மாண்டார். அவருடைய கோல்ட் பிஸ்டலும் அதே பிரவுனிங் வகுத்த மாதிரிதான். இன்று அது அலகாபாத் மியூசியத்தில் இருக்கிறது.

1948 ஜனவரி 30-ந் தேதி மாலை, டில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில், பிரார்த்தனைக்கு நடந்து வந்த மகாத்மாவின் எதிரில் ஒருவன் வந்து நின்றான். அவன் கையில் இருந்தது பெரெட்டா பிஸ்டல். மூன்று முறை விசையை இழுத்தான். மூன்று குண்டுகளும் வெடித்தன.

கையின் அளவு துப்பாக்கிக்குத் தெரியும். கைக்கு உரியவனுடைய நெஞ்சம் தெரியாது. நம்பினவனைக் கைவிடாது என்று பிரியர்கள் புகழும் குணம், எல்லாருக்கும் ஒரேமாதிரி ஊழியம் செய்கிறது.

பிஸ்டல் சில சமயம் அடைத்துக்கொண்டு மக்கர் செய்யும் என்பது ரிவால்வர் கட்சியாரின் பெரிய குற்றச்சாட்டு அல்லவா? அந்த மாலையில் அப்படி ஒரு மக்கர் செய்திருக்கக் கூடாதா! "உமக்குப் பிரியமான துப்பாக்கி எது?" என்று யாரேனும் என்னைக் கேட்டால், அதைத்தான் சொல்லுவேன். ஆனால், அன்று வந்தது அந்தத் துப்பாக்கி அல்ல.