பாடம் கைப்பேசியில், திருத்துவது யார்?

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கத் தொடங்கும். “கைப்பேசியைக் கீழே வை, புத்தகத்தை எடு” என்பது பெற்றோரின் குரல். “பாடம்தான்மா பார்க்கிறேன்” என்பது பிள்ளையின் குரல். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. காணொளிப் பாடம் வீண்வேலை அன்று. ஆனால் அதைப் பார்த்து முடிப்பது மட்டுமே மீள்பார்வை ஆகிவிடாது. இந்த வேறுபாட்டை நாம் உணராவிட்டால் பாதிக்கப்படப் போவது வசதி குறைந்த மாணவர்கள்தாம்.

பேராக் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். ஈப்போ நகரில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இயற்பியலுக்கு ஒரு பிரத்தியேக வகுப்பு, வேதியியலுக்கு இன்னொன்று என்று வாரம் முழுதும் அட்டவணை இருக்கும். சுங்கை சிப்புட், செம்மோர் வட்டாரங்களில் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களாக இருந்த இடங்களில் வளரும் பிள்ளைக்கு அது எட்டாது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களே வந்துவிட்டன. ஆனால் மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பப் பேருந்து கிடைப்பது இன்னும் குதிரைக்கொம்புதான். கட்டணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய பிள்ளைக்குக் காணொளி ஒரு வரப்பிரசாதம். நல்ல ஆசிரியர் ஒருவர் இரவு பத்து மணிக்கும் சலிக்காமல் அதே பாடத்தை மூன்றாம் முறை நடத்துகிறார் என்றால் சும்மாவா?

எங்கள் அணி இதை நெருக்கடியில் கற்றுக்கொண்டது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாங்கள் ஐந்தாம் படிவம். அந்த ஆண்டுக்குரிய எஸ்.பி.எம். தேர்வு தள்ளிப்போய், 2021 பிப்ரவரி 22-இல்தான் தொடங்கியது. அதற்கு ஐந்து நாள்களுக்கு முன்புதான், பிப்ரவரி 17-இல், கல்வியமைச்சின் டிடேக் டிவி தொடங்கப்பட்டது. வீட்டில் ஒரே கைப்பேசி, பிள்ளைகள் மூவர், வேலைக்குப் போகும் அப்பா அதைக் கையோடு கொண்டுபோய்விடுவார் என்பதுதான் எங்களில் பலருடைய நிலை. கைப்பேசி கைக்கு வந்த இரவு நேரத்தில் எங்களுக்கு ஆசிரியராக இருந்தது யூடியூப்தான். அந்த நன்றியை மறப்பதற்கில்லை.

புரிந்தது போன்ற மயக்கம்

இருப்பினும், ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நன்றாக விளக்கும் காணொளியைப் பார்த்து முடித்ததும் ‘புரிந்துவிட்டது’ என்ற நிறைவு மனத்தில் நிரம்புகிறது. அந்த நிறைவை நம்பக் கூடாது.

இன்று ‘வெரிட்டாசியம்’ என்ற அறிவியல் அலைவரிசையால் உலகம் அறிந்த டெரிக் முல்லர், சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். மேலே எறிந்த பந்தின் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்பது போன்ற கேள்விகளை அவர் மாணவர்களிடம் கொடுத்தார். பிறகு ஒரு குழுவுக்குத் தெளிவான விளக்கக் காணொளியைக் காட்டினார். பார்த்தவர்கள் ‘எளிது, தெளிவு’ என்று பாராட்டினார்கள். ஆனால் 26 புள்ளிகளுக்குச் சராசரி 6 பெற்றிருந்தவர்கள், பார்த்த பின்பு பெற்றது 6.3 மட்டுமே. இன்னொரு குழுவுக்குக் காட்டிய காணொளி வேறு விதமானது. மாணவர்கள் வழக்கமாகக் கொண்டிருக்கும் தவறான எண்ணத்தை முதலில் ஒருவர் சொல்ல, அதை மற்றவர் கேள்வி கேட்டு உடைப்பார். அதைப் பார்த்தவர்கள் ‘குழப்பமாக இருக்கிறது’ என்றார்கள். அவர்களுடைய சராசரியோ 11-ஐ எட்டியது. எளிதாக இருந்தது மனத்தில் ஒட்டவில்லை; மூளையைச் சிரமப்படுத்தியதுதான் ஒட்டியது.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தார்கள். மற்றொரு சாரார் அதை மூடிவைத்து, நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள்: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. மீண்டும் படித்தவர்களிடம் எஞ்சியிருந்தது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களிடம் 56. தேர்வுக்கு முதல்நாள் இரவு காணொளியாகப் பார்த்துத் தள்ளுபவர்கள் இந்த எண்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நமக்கு மட்டும் உள்ள இன்னொரு மேடு

தமிழ்ப்பள்ளியில் பயின்று தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவன் ஏற வேண்டிய இன்னொரு மேடும் உண்டு. அது கலைச்சொல். அறிவியலும் கணிதமும் 2003 முதல் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்டன. அதைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. நான் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது அறிவியல் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்ப்பள்ளியை விட்டுப் புறப்படும்போது தமிழில் இருந்தது. முதலாம் படிவத்தில் மலாய் காத்திருந்தது. பதின்மூன்று வயதுக்குள் ஒரே ஒளிச்சேர்க்கைக்கு மூன்று பெயர்கள்!

இந்த நிலையில் ஒரு மாணவன் தமிழில் பாடம் தேடினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் காணொளிகளுக்கு வழிகாட்டும் கியூஆர் குறியீடுகளைச் சேர்த்தார்கள். 2019-இல் கல்வித் தொலைக்காட்சியையே தொடங்கினார்கள். இலங்கைத் தமிழாசிரியர்களின் பாடங்களும் இணையத்தில் உண்டு. எல்லாம் நம் மொழிதான். ஆனால் சொற்கள் வேறு. நம் பள்ளியில் ‘பொருண்மை’ என்று படித்ததைத் தமிழ்நாட்டு ஆசிரியர் ‘நிறை’ என்கிறார். இலங்கை ஆசிரியர் ‘திணிவு’ என்கிறார். இலங்கையில் ‘நிறை’ என்றால் எடை! ‘வேகம்’ என்ற சொல்லும் அப்படித்தான். தமிழ்நாட்டில் திசையைக் கணக்கில் கொள்ளாதது வேகம், கொள்வது திசைவேகம். இலங்கையிலோ முன்னது கதி, பின்னது வேகம். இவற்றையெல்லாம் கடந்து, நம் மாணவன் விடைத்தாளில் எழுத வேண்டியது ‘ஜிசிம்’, ‘பெராட்’, ‘லாஜு’, ‘ஹலாஜு’.

எங்கள் தோட்டத்துப் பக்கம் நான்காம் படிவம் படிக்கும் ஒரு பெண், வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விப்பது பற்றிய காணொளியை மூன்று முறை பார்த்திருந்தாள். வாயால் கேட்டால், “வேர்வை காயும்போது ஒடம்புல உள்ள சூட்ட எடுத்துக்கிட்டுப் போயிருது” என்று சரியாகச் சொல்கிறாள். தாளை நீட்டியபோது, “புரியுதுக்கா, எழுதச் சொன்னாத்தான் வார்த்தை வரமாட்டுது” என்றாள். அவளிடம் அறிவியல் இருக்கிறது. ‘ஹாபா பெண்டாம்’ என்ற சொல்லும், அதை வைத்து மலாயில் இரண்டு வரி எழுதும் பழக்கமும்தான் இல்லை. ‘ஹாபா’ வேறு, ‘சுஹூ’ வேறு என்பதைக் காணொளி சொல்லிக்கொடுத்துவிடும். அவள் ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதிவைத்தால் அது தவறு என்று காணொளி சொல்லாது.

‘அப்படியானால் தமிழில் பார்க்கவே வேண்டாமே, நேராக மலாய்க் காணொளியைப் பார்க்கலாமே’ என்று சிலர் கேட்கக்கூடும். மலாயில் புரிகிறவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும். புரியாமல் முட்டி நிற்கும் இடத்தில் தாய்மொழி கைகொடுத்தால் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எந்த மொழியில் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். எழுதிப் பழகுவது தேர்வின் மொழியில் இருக்க வேண்டும். எட்டு நிமிடக் காணொளி என்றால் அடுத்த எட்டு நிமிடம் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். புரிந்ததை நினைவிலிருந்து மலாயில் எழுத வேண்டும். பழைய தேர்வுக் கேள்வி ஒன்றுக்கு விடை எழுதி, புள்ளி வழங்கும் முறையோடு ஒப்பிட வேண்டும். அதே கேள்வியை ஒரு வாரம் கழித்து மறுபடி எழுத வேண்டும். இதற்குப் பெயர்தான் மீள்பார்வை.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

இங்குதான் இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் நம் கடமை தொடங்குகிறது. 1982-இல் டான்ஸ்ரீ தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நம் அனைவருக்கும் தெரியும். வார இறுதியில் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தினார்கள். அன்று பற்றாக்குறை பாடத்துக்கு. இன்று பாடம் கொட்டிக்கிடக்கிறது. பற்றாக்குறை, எழுதிய விடையை வாங்கிப் பார்த்து ‘இந்த இடத்தில் ஒரு புள்ளி போயிற்று, ஏன் தெரியுமா?’ என்று சொல்லும் ஆளுக்குத்தான். ஈப்போவில் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆள் இருக்கிறார். தோட்டப்புறப் பிள்ளைக்கு இல்லை. யூ.பி.எஸ்.ஆர். 2021-இலும் பிடி3 2022-இலும் நீக்கப்பட்ட பிறகு, எஸ்.பி.எம்.-ஐயே முதல் பெரிய அரசாங்கத் தேர்வாகச் சந்திக்கும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். தன் விடையை ஒருவர் கறாராகத் திருத்திப் பார்த்த அனுபவமே அவர்களில் பலருக்குக் குறைவு.

எனவே நம் கழகத்தின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, அறிவியல் துறைகளில் பயிலும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பக்கத்து மாணவர் இருவரை ஏற்க வேண்டும். மாணவர் வாரம் ஒரு விடையை எழுதிப் படமெடுத்து அனுப்பட்டும். நாம் திருத்தி அனுப்புவோம். அரை மணி நேர வேலை. பேருந்தும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். இரண்டாவது, மலாய், ஆங்கிலம், நம் பள்ளித் தமிழ், தமிழ்நாட்டு வழக்கு, இலங்கை வழக்கு என ஐந்து பத்திகளில் அறிவியல் கலைச்சொல் பட்டியல் ஒன்றைத் தொகுக்க வேண்டும். மொழிக் கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நாம் செய்யாமல் இதை வேறு யார் செய்வார்கள்? முன்னாள் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் அதைச் சரிபார்த்துக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும்.

பட்டிமன்றமும் கலைவிழாவும் நடக்கட்டும். அவை நம் அடையாளம். கூடவே, வாரத்துக்கு இரண்டு விடைத்தாள்களையும் திருத்துவோம். வரும் விடுமுறையில் ஊர் திரும்பும்போது அந்த இருவரையும் தேடிப் பிடிப்போம்.