கோவிலைப் படம் பிடித்தால் போதுமா? வரைந்தும் பார்ப்போம்!

நம் இளைஞர்களின் கைப்பேசிகளில் கோவில் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், விமானத்தின் கூரை விளிம்பு போல் வெளியே வளைந்து இறங்கும் பகுதிக்கு என்ன பெயர் என்று கேட்டால் பலர் விழிப்போம். அது கபோதம். அதன்மேல் குதிரை லாட வடிவில் வரிசையாக இருப்பவை கூடுகள். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்குவது போதிகை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும், மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் படித்த எனக்கு இச்சொற்கள் எந்தப் பாடத்திலும் வரவில்லை. பென்சிலை எடுத்தபோதுதான் அவை தேவைப்பட்டன. தெரியாத ஒன்றைக் கண் தாண்டிப் போய்விடும். வரையும் கையால் தாண்ட முடியாது.

இதற்கு நமக்கு நல்ல முன்னோடி உண்டு. 1919இல் பிறந்த நாமக்கல்காரர் ஓவியர் சில்பி, ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோவில் கோவிலாகச் சென்று, சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்தார். அப்போதும் கேமரா இருந்தது. ஆனாலும் அவர் வரைந்தார். இருட்டு மண்டபத்தில் எந்தக் கோடு முக்கியம் என்று தேர்ந்தெடுப்பது கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை.

தாராசுரத்துக்குப் போக நம்மில் பலருக்கு வசதியில்லை. கெடாவுக்குப் போகலாமே! பூஜாங் பள்ளத்தாக்கில், 1960இல் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்ட புக்கிட் பத்து பஹாட் சண்டியில் விமான அடித்தளமும், மண்டபத் தூண்கள் நின்ற கல் பீடங்களும் இருக்கின்றன. அதே வட்டாரத்தில் சுங்கை பத்துவின் 11ஆம் எண் சண்டி, 2013இல் நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது. கல் என்றைக்கும் நிற்கும் என்று நம்பியிருக்க முடியாது.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. பென்சிலால் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் விழும் விளிம்புகளில் வெள்ளை மெழுகுக் கிரேயானைத் தேயுங்கள். அங்கே நீர் ஒட்டாது. பிறகு நீர்வண்ணம் பூசுங்கள். தானா ராத்தாவில் இருப்பவர்களுக்குத் தேயிலைச் சாயமே போதும்; பழைய கல்லின் பழுப்பு நிறம் அப்படியே வரும். நாளடைவில் வெளிறும் என்றாலும் பயிற்சிக்கு அது உதவும். நன்றாகக் காய்ந்தபின் ஆழமான நிழல்களைக் கறுப்பு மையால் அழுத்துங்கள். ஈரத்தில் மை தொட்டால் பரவிவிடும்.

“எஸ்.பி.எம். தேர்வில் ஓவியம் எதற்கு?” என்று கேட்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். ஒரு போதிகையை ஒழுங்காக வரைய அளவு, விகிதம், சமச்சீர், பொறுமை எல்லாம் வேண்டும். கணிதமும் வரலாறும் அங்கே ஒரே தாளில் வந்துவிடுகின்றன.

தமிழ்மொழிக் கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விச் சுற்றுலாவில் குழுப்படம் எடுத்ததோடு பேருந்தில் ஏறிவிடாதீர்கள். ஆளுக்கொரு வரைதாள், ஆளுக்கொரு கல், ஒரு மணி நேரம். வரைந்த பகுதியின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் கீழே எழுதுங்கள். நம் தோட்டக் கோவில்களிலும் இதைச் செய்யலாம். தோட்டங்கள் கைமாறும்போது இடம் மாறுபவை, திருப்பணியில் உருமாறுபவை அவற்றில் பல. மாறும் முன் வரைந்து வைப்போம்.