டயரைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சின்ன யானை வைத்திருப்பவர்கள், அதை வாடகைக்குப் பிடிப்பவர்கள், கல்யாணம் காட்சிக்கு அதில் சனங்களை ஏற்றி அனுப்புபவர்கள், மூன்று தரப்பும் படிக்கவும். மூன்றாவது தரப்பினர் கோபப்படாமல் படிக்கவும்.

போன முகூர்த்தத்தில் நடந்தது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் வீடு. சீர்வரிசைச் சாமான், பீரோ, கட்டில், அதோடு பதினான்கு பேர். எல்லாவற்றையும் ஒரு பழைய சின்ன யானையில் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் பக்கம் கிளம்பினார்கள். ஓட்டியவன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். ஐயம்பேட்டைக்கு முன்னால் பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய் மண்ணில் இறங்கி நின்றது. ஒரு பாட்டிக்கு மணிக்கட்டு முறிந்தது. பீரோ கண்ணாடி தூள். அந்தச் சாலையில் கல் லாரிகள் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நிமிஷம் பின்னால் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் டீக்கடையில் அதே பேச்சு. "கம்பெனி டயரே சரியில்ல சார், இப்பல்லாம் டுபாக்கூர் ரப்பர்." "வெயில் சார், யார் என்ன பண்ண முடியும்." "நேரம் சரியில்ல, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சிருக்கணும்." பிள்ளையாரை விடுங்கள். நான் பஞ்சர் கடைக்குப் போய் அந்த டயரைப் பார்த்தேன்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நூல் வெளியே தெரிகிறது. நடுவில் மட்டும் பட்டன் இருக்கிறது. அந்தப் பட்டனும் கம்பெனி போட்டதல்ல. தேய்ந்த டயரில் சூடான கத்தி வைத்து வெட்டிய வரி. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண், 3115. அதாவது 2015ஆம் வருடத்தின் 31வது வாரம் செய்த டயர். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு வருடம். எல்லா டயரிலும் இது இருக்கிறது. "செகண்ட்ஸ்ல வாங்கினேன் சார், நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்றான். எண்ணைப் பார்த்தாயா என்றேன். அப்படி ஒரு எண் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பதினேழு வருஷமாக வண்டி ஓட்டுகிறான்.

இதில் கம்பெனி எங்கே வந்தது? ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சியட், ஜேகே, அந்தப் பக்கம் அரக்கோணத்தில் எம்ஆர்எஃப். நம்மைச் சுற்றி டயர் செய்யாத திசை இல்லை. அந்த ஆலைகளுக்கு ஷிப்ட் பஸ்ஸில் நம் பிள்ளைகள்தான் போய் வருகிறார்கள். ஆனால் நம் தெரு வண்டிகளில் ஓடுவது மொட்டை டயர்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். டயர் என்பது வெறும் ரப்பர் அல்ல, உள்ளே துணி இருக்கிறது. நைலான், பாலியஸ்டர் நூலைத் தறியில் நெய்துதான் அந்தத் துணி வருகிறது. மணலியில் எஸ்ஆர்எஃப் ஆலையில் அதைத்தான் செய்கிறார்கள். நம் புடவைக்குப் பாவும் ஊடையும் இரண்டும் முக்கியம். டயர் துணியில் பாவு மட்டும்தான் பாரம் தாங்கும். ஊடை மெல்லிசாக, பாவு நூல் கலையாமல் பிடித்துக்கொள்ள மட்டும். ரேடியல் டயரில் அந்தப் பாவு ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். பாவு நூல் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வந்தால் புடவை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

சரி, அந்த நூலை அறுப்பது யார்? முதல் ஆள் காற்று. அதாவது காற்றுப் போதாமை. ஓரம் இரண்டும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவாகவே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நடு தேய்ந்து ஓரம் நின்றால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட், இல்லாவிட்டால் முன்பக்கம் கிங்பின் ஆட்டம். பழைய வண்டிகளில் கிங்பின் புஷ்ஷை மாற்றாமல் புது டயர் மேல் டயர் போட்டுவிட்டு "பத்தாயிரம் கிலோமீட்டர்ல தேஞ்சுடுச்சு, கம்பெனி ஏமாத்திட்டான்" என்று புலம்புகிறவர்களை நான் நாலு பேராவது பார்த்திருக்கிறேன்.

என் மாணவன் சொன்ன காரணம் இன்னும் அருமை. "வெயில் காலம் சார், காத்து சூடாகி வெடிச்சிடும்னு கொஞ்சம் இறக்கி வச்சிருந்தேன்." முப்பத்தோரு வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவனிடம் இதைச் சொல்கிறான்! தம்பி, காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சுடுமே, அதேதான். அந்தச் சூட்டில் ரப்பர் நூலை விட்டுப் பிரியும். பிறகுதான் வெடிப்பு. வெயிலுக்குப் பயந்து காற்றை இறக்குகிறவன் வெடிப்பைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறான். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுதான் அளவு. அதையும் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், கேட்டு வாங்கலாம். நைட்ரஜன்தான் வேண்டும் என்று காசு கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

இரண்டாவது ஆள் பாரம். டாடா ஏஸ் 2005இல் வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சிசி, ஏற்றக்கூடிய சரக்கு முக்கால் டன். பன்னிரண்டு அங்குலச் சக்கரம். பெரிய டயரே போகாத நம் சந்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி வந்ததில்லை. ஜக்கார்டு பெட்டி, தறி மரம், பாவு உருளை எல்லாம் இன்றைக்கு அதில்தான் போகிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஐந்நூறு செங்கல் ஏற்றுகிறீர்களே! ஒரு செங்கல் மூன்று கிலோ என்று வைத்தாலும் ஒன்றரை டன். டயரில் பாரக் குறியீடு 86 என்று இருந்தால் அது தாங்குவது 530 கிலோ. பின்னால் இரண்டு டயர், 1060 கிலோ. வண்டியின் சொந்த எடையில் பின்பக்கப் பங்கும் அதற்குள் அடக்கம். இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும். 2019 முதல் அதிக பாரத்துக்கு அபராதம் இருபதாயிரம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் இரண்டாயிரம். அதற்குப் பயந்து அதிகாலையில் ஓட்டுகிறார்கள். டயருக்கு அதிகாலை, நண்பகல் தெரியாது.

"எஃப்சி எடுத்த வண்டி சார்" என்பார்கள். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி உண்டு, உண்மை. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நண்பன் வண்டி டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, சாயங்காலமே திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஏமாற்றியது அதிகாரியை என்று நினைக்கிறார்கள். பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்ட பையன்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஸ்டெப்னி கதையும் உண்டு. அன்றைக்கு அதிலும் காற்று இல்லை. (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர். நூறு வருஷத்துக்கு முன் அங்கே செய்த மாற்றுச் சக்கரத்தின் பெயர் நம்மூரில் இன்னும் ஓடுகிறது. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ரசிப்பார்கள்.)

இவ்வளவு நேரம் வண்டிக்காரனைத் திட்டினேன். இப்போது நம் பக்கம். "கட்டுப்படியாகல சார்" என்று அவன் சொல்வது பொய்யல்ல. டயருக்கு ஜிஎஸ்டி எட்டு வருஷம் 28 சதவீதம் வாங்கினார்கள். வயிற்றுப் பிழைப்புக்கு ஓடும் வண்டியின் டயருக்கும், காருக்குப் போட்ட அதே வரி. 2025 செப்டம்பர் 22 முதல்தான் 18 ஆனது. இது அரசு செய்த அநியாயம். நாம் செய்வது என்ன? முகூர்த்தப் புடவைக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுக்கிற வீடு, வண்டி வாடகையில் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறது. இருநூறு குறைத்தவன் அதை எங்கே பிடிப்பான்? டயரில்தான் பிடிப்பான். ஏனென்றால் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பேரம் முடிந்ததும் "வேன் எதுக்கு, இதுலயே எல்லாரும் ஏறிக்கலாம்" என்று பாட்டியையும் பேரப்பிள்ளையையும் தூக்கி ஏற்றுகிறோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாத இன்னொன்று இருக்கிறது. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ என்றால் வேறு விஷயம். பதினான்கு பேரும் பீரோவின் சொந்தக்காரர்கள் என்று எந்தக் கோர்ட்டில் சொல்வீர்கள்? அன்றைக்குக் கல் லாரி வந்திருந்தால் இழப்பீடு முழுவதும் அந்தப் பையன் தலையில் விழுந்திருக்கும். அவனிடம் இருப்பது அந்த வண்டியும் ஓட்டு வீடும்தான்.

பாட்டியை நேற்றுப் போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாத வாத்தியாரே, நாங்கதான் இதுலயே போலாம்னு சொன்னோம்" என்றார். கல்யாண வீட்டுப் பெரியவர்கள் யாரும் இதை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு எண்பது வயசு. அந்தக் கையால்தான் இன்றும் வீட்டில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எலும்பு கூட ஆறு வாரம் என்கிறார் டாக்டர்.

பையன் இரண்டு புது டயர் வாங்கிவிட்டான். மீதி இரண்டுக்கு ஆடி கழியட்டும் என்கிறான். பழையது இரண்டையும் பஞ்சர் கடைக்காரர் ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டார். விற்காதே, மறுபடி வரி வெட்டி இன்னொருவன் தலையில் கட்டுவார்கள் என்று சொல்லி, கடைக்காரர் எதிரிலேயே பக்கச்சுவரை அறுக்கச் சொன்னேன். அவருக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும்.

என்னிடம் காற்று அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கிறது. காலை ஆறு முதல் ஏழு வரை திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன். வண்டி வைத்திருக்கும் பிள்ளைகள் எடுக்கும் முன் ஒரு எட்டு வந்து பார்த்துக்கொண்டு போகலாம். காசு வேண்டாம். வயசு கேட்பேன், டயரின் வயசு.